மிதவை விமானம் புறப்படுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: சாட்டர்னா தீவு விபத்து காட்டுவது

2009 நவம்பர் 29 அன்று மாலை 4 மணி கடந்த சில நிமிடங்களில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள சாட்டர்னா தீவின் லயல் ஹார்பரிலிருந்து வான்கூவருக்குக் கிளம்பிய பீவர் வகை மிதவை விமானம், நீரைவிட்டு எழும்பி இடப்பக்கம் திரும்பியதும் உயரம் இழந்து கடலில் மோதியது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் உடனே விரைந்து வந்தும், அவர்கள் வந்து சேர்வதற்குள் பயணிகள் அறை நீருக்குள் போய்விட்டது. உள்ளே இருந்த 8 பேரில் விமானியும் ஒரு பயணியும் படுகாயங்களுடன் பிழைத்தனர். மற்ற 6 பேரும் நீரில் மூழ்கி இறந்தனர். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இவ்விபத்தை ஆராய்ந்து கண்டறிந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால், மிதவை விமானம் புறப்படுகையில் எவையெல்லாம் கூடாதோ அவற்றில் பெரும்பாலானவை அந்தச் சில நிமிடங்களுக்குள் அடங்கியிருப்பது தெரியும்.

முதல் தவறு காற்றைப் பற்றியது. அன்று அந்த விமானம் முதலில் காற்று வீசும் திசையிலேயே புறப்பட முயன்று, எழும்ப முடியாமல் போனது. ஒரு விமானம் எழும்புவதற்குச் சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்டு 50 நாட் வேகம் (1 நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ.) தேவை என்று வைத்துக்கொண்டால், 10 நாட் எதிர்காற்றில் மிதவைகள் நீரின்மேல் 40 நாட் வேகத்தில் ஓடினால் போதும். அதே 10 நாட் காற்று பின்னாலிருந்து வீசினால் 60 நாட் வேகத்தில் ஓடியாக வேண்டும். வேகம் கூடக்கூட நீரின் இழுவையும் கடுமையாக ஏறுவதால், அந்தக் கூடுதல் வேகத்தை எஞ்சினால் எட்டவே முடியாமல் போகலாம். இரண்டாம் முறை அவ்விமானம் காற்றை எதிர்த்து எழும்பியது உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள நிலத்தின் உயரத்தைத் தாண்டவில்லை. ஒரு முயற்சி பலிக்காதபோது எஞ்சினைத் தணித்து, சுமையைக் குறைக்கவோ காற்று அடங்கும்வரை காத்திருக்கவோ வேண்டுமா என்று யோசிக்காமல், திசையை மட்டும் மாற்றி உடனே மறுபடி முயல்வதை நான் ஆபத்தான பழக்கமாகவே கருதுகிறேன்.

அடுத்தது, தாழ்வான உயரத்தில் சாய்ந்து திரும்புவது. விமானம் 45 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பும்போது இறக்கைகள் தாங்க வேண்டிய சுமை ஏறத்தாழ 1.4 மடங்காகிறது, 60 பாகையில் அது இரு மடங்கு. சுமை கூடினால், இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும் ‘ஸ்டால்’ வேகமும் கூடும். 50 நாட்டில் ஸ்டால் ஆகக்கூடிய விமானம் 45 பாகைச் சாய்வில் ஏறத்தாழ 60 நாட்டிலேயே ஸ்டால் ஆகிவிடும். லயல் ஹார்பரில் அன்றைய காற்றும் திருப்பத்தின் சாய்வும் சேர்ந்துதான் இறக்கைகளின் சுமையைக் கூட்டின. ஸ்டால் நெருங்குவதை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவியும் அந்த விமானத்தில் இயங்கும் நிலையில் இல்லை. பீவர் விமானமோ ஸ்டாலுக்கு முன் பெரிதாக அதிர்ந்து காட்டிக்கொடுக்கும் இயல்புடையதன்று. எச்சரிக்கைக் கருவி வேலை செய்யாத விமானத்தைக் கரையிலிருந்து அவிழ்ப்பதே தவறு என்பேன்.

எடையைப் பொறுத்தவரை, மொத்தம் எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதையும் கணக்கிட வேண்டும். அன்று விமானத்தின் எடைமையம், அதாவது மொத்த எடையும் சமன்படும் புள்ளி, வால்பக்கமாக அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டியிருந்தது. வால் கனத்த விமானம் ஸ்டால் ஆனால் மூக்கு எளிதில் தாழாது. மூக்கு தாழாமல் வேகம் திரும்பக் கிடைக்காது. மிதவைகளுக்குள் கசிந்து தேங்கும் நீரும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். காலையில் முதல் பறப்புக்கு முன், மிதவையின் மேற்பரப்பில் வரிசையாக உள்ள சிறு குழிகளிலிருந்து ரப்பர் பந்துகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கைப்பம்பைச் செருகி, வெறும் காற்று வரும்வரை இறைப்பது அலுப்பான வேலைதான். ஆனால் மிதவைக்குள் உள்ள அறைகளில் ஒன்றை விட்டுவிட்டாலும், அந்த நீரின் எடை கணக்கில் வராத சுமையாகவே கூடப் பறக்கும்.

நீரில் மெல்ல ஓடும்போது திசை திருப்ப மிதவைகளின் பின்முனையில் உள்ள நீர்ச்சுக்கான்களைத் தூக்காமல் புறப்பாட்டு ஓட்டத்தைத் தொடங்குவது, பாதையை முழுவதுமாகப் பார்க்காமல் கிளம்புவது ஆகியவையும் நேர்கின்றன. 2024 ஜூன் 8 அன்று வான்கூவரின் கோல் ஹார்பரில், புறப்படும் ஓட்டத்திலிருந்த ஒரு பீவர் விமானம் படகொன்றின்மீது மோதியதில் படகில் இருந்தவர்கள் காயமடைந்தனர். மூக்கு உயர்ந்திருக்கும் தொடக்க நொடிகளில் விமானியால் நேர் எதிரே பார்க்க முடியாது என்பதால், பார்க்க வேண்டியதை அதற்கு முன்பே பார்த்து முடித்திருக்க வேண்டும்.

இவை யாவற்றையும்விட என்னை வருத்துவது, வெளியேறும் வழியைப் பற்றிய அலட்சியம். சாட்டர்னாவில் மோதலின் வேகத்தில் நான்கு கதவுகளில் இரண்டு சிக்கிக்கொண்டன. பாதுகாப்பு வாரியம் 2011-இல், விரைவாக வெளியேற ஏற்ற கதவுகளும் சன்னல்களும் வணிக மிதவை விமானங்களில் வேண்டும் என்றும், பயணிகள் மிதவை அங்கிகளை அணிந்தே இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அங்கி அணிவதையும், நீருக்கடியிலிருந்து வெளியேறும் பயிற்சியை விமானிகள் பெறுவதையும் கட்டாயமாக்கும் விதிகளைக் கனடா அரசு 2019-இல்தான் வெளியிட்டது.

பயணிகள் செய்யும் தவறுகளும் இங்கேதான் உள்ளன. மிதவை விமானம் மூழ்கும்போது பெரும்பாலும் தலைகீழாகப் புரண்டுவிடும். இருட்டும் குளிர்நீரும் சூழ்ந்த அந்த நிலையில் கதவின் கைப்பிடி எந்தப் பக்கம் என்பதே குழம்பிப்போகும். ஆகவே உட்கார்ந்தவுடன் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு, இருக்கையின் விளிம்பிலிருந்து கதவுவரை கையால் தடவி, கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பினால் திறக்கும் என்பதை விரல்களுக்குப் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். நீரில் விழுந்தபின் ஒரு கையால் கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்ட பிறகே மறு கையால் பெல்ட்டை விடுவிக்க வேண்டும்; முதலில் பெல்ட்டை அவிழ்த்தவர் மிதந்து திசை தவறிவிடுவார். அங்கியை உள்ளேயே ஊதிப் பெருக்கினால் அது ஆளை மேலே தள்ளி அங்கேயே அழுத்திவிடும், கீழே உள்ள கதவை நோக்கி முங்கவே முடியாது. 1996-இல் கொமோரோஸ் தீவுகளருகே எத்தியோப்பிய விமானமொன்று கடலில் விழுந்தபோது பலர் இப்படித்தான் உள்ளேயே சிக்கி இறந்தனர். அங்கியின் கயிற்றை, உடல் முழுவதும் வெளியே வந்த பிறகுதான் இழுக்க வேண்டும்.