முதல் மழையும் களைக்கொல்லியும்: தவளைகளைக் காக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கரையோரத்தில், திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பகுதிகளில் புழுதி விதைப்புச் செய்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருக்கும் உழவர்களைப் போலவே, கோடை முழுவதும் மண்ணுக்குள் புதைந்து கிடந்த தவளைகளும் அம்மழைக்கே காத்திருக்கின்றன. அவை முட்டையிடும் அதே நாட்களில்தான் வயலில் களைக்கொல்லியும் தெளிக்கப்படுகிறது. பெருந்தவறுகள் நேர்வதும் அப்போதுதான்.

களைக்கொல்லி செடியை மட்டுமே கொல்லும் என்று நம்புவது அவற்றுள் முதன்மையானது. வரப்புப் புல்லைக் கருக்க அடிக்கும் கிளைபோசேட் மருந்துகள் பலவற்றில், மருந்து இலையில் படிவதற்காகச் சோப்புத் தன்மையுள்ள துணைப்பொருள் ஒன்று சேர்க்கப்படுகிறது. தலைப்பிரட்டையின் செவுள்களைச் சிதைப்பது பெரும்பாலும் அதுவே. அமெரிக்க ஆய்வாளர் ரிக் ரெல்யா 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய மருந்து கலந்த செயற்கைக் குட்டைகளில் மூன்று வாரங்களுக்குள் தலைப்பிரட்டைகள் ஏறத்தாழ முழுவதும் மடிந்தன.

மருந்து கண்மாய் நீரில் கலக்காதவரை தீங்கில்லை என்று கருதுவதும் தவறு. தவளை வாயால் நீர் அருந்துவதில்லை. ஈர மண்ணில் அமர்ந்து, அடிவயிற்றுத் தோலின் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. மிளகாய்ப் பாத்தியில் மருந்தடித்த மாலையில் அங்கு வந்து குந்தும் தேரைக்கு அந்த மண்ணே நஞ்சாகிறது. ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், ஒரு பூஞ்சைக்கொல்லியைப் பரிந்துரைத்த அளவிலேயே தெளித்தபோது, அதில் பட்ட இளந்தவளைகள் அனைத்தும் ஒரு மணி நேரத்துக்குள் இறந்தன. அளவு மீறாவிட்டால் ஆபத்தில்லை என்ற சமாதானமும் இதனால் அடிபட்டுப் போகிறது.

செத்த தவளை கண்ணில் படவில்லை என்பதால் பாதிப்பில்லை என்று முடிவு செய்யக் கூடாது. நஞ்சு தாக்கிய தலைப்பிரட்டை உடனே சாகாமல், வாலைக் கோணலாக அசைத்தபடி கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும். அதைக் கொக்கு கொத்திக்கொண்டு போய்விடும், தடயம் எதுவும் மிஞ்சாது.

தெளிப்பானை ஊருணிப் படித்துறையில் கழுவுவது என்னை மிகவும் வருத்தும் பழக்கம். படிக்கல்லில் வழியும் வெண்ணுரை, ஓரத்துப் புற்களில் ஒட்டியிருக்கும் முட்டைத் திரளில்தான் முதலில் படுகிறது. கழுவிய நீரை, மருந்தடித்த வயலிலேயே பரவலாகத் தெளித்துவிட வேண்டும். வானம் மூட்டம் போட்டிருக்கும் நாளில் மருந்தடிப்பதையும் ஒத்திப்போட வேண்டும். அன்று பெய்யும் மழை, வயலில் அடித்ததை ஓடைவழியே கண்மாய்க்குள் கொண்டு சேர்த்துவிடும்.