காற்றாலை யூனிட்டைக் கரிமக் கணக்காக்கும்போது சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் நண்பர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து ஓர் எக்செல் தாளைக் காட்டினார். தமிழ்நாட்டில் முப்பந்தல் பக்கம் அவர் கம்பெனி பணம் போட்ட 2 மெகாவாட் காற்றாலை. 2-ஐ 8,760 மணி நேரத்தால் பெருக்கி 17,520 மெகாவாட் மணி. அதைச் சிங்கப்பூர் மின்கட்டமைப்பின் உமிழ்வுக் காரணியான (ஒரு மெகாவாட் மணிக்கு எத்தனை டன் கரியமில வாயு என்ற எண்) சுமார் 0.4-ஆல் பெருக்கி, 7,000 டன் கரியமில வாயு மிச்சம் என்று முடித்திருந்தார்.

ஒரே வரியில் இரண்டு தவறு. ஆடியில் அடிக்கிற காற்று மாசியில் அடிக்காது. மீட்டரில் பதிவாகி மின்கட்டமைப்புக்குப் போன நிகர யூனிட்தான் கணக்கு. நான்கில் ஒரு பங்கு ஓடியிருந்தால் 4,380 மெகாவாட் மணி, அவ்வளவுதான். அடுத்து, மின்சாரம் எந்த ஊர்க் கம்பியில் பாய்கிறதோ அந்த ஊர்க் காரணியைத்தான் எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் பெரும்பாலும் இயற்கை எரிவாயு; இந்தியாவில் நிலக்கரி, சராசரியே சுமார் 0.7. ஒரு தவறு விடையை ஏற்றுகிறது, இன்னொன்று இறக்குகிறது. அதனால்தான் அந்த 7,000 பார்க்க நம்பும்படி இருந்தது.

சராசரிக் காரணியும் போதாது. ஐநாவின் சிடிஎம் முறை (குறைத்த ஒவ்வொரு டன்னுக்கும் விற்கக்கூடிய கார்பன் கிரெடிட் தருவதற்கு வகுத்தது) இரண்டு காரணிகளைக் கலக்கிறது: இப்போது ஓடும் நிலையங்களுக்கு ஒன்று, அண்மையில் கட்டியவற்றுக்கு ஒன்று. காற்றாலைக்குக் கலவை 75:25. நீர்மின்சாரத்துக்கு, திட்டம் கிரெடிட் பெறும் முதல் காலகட்டத்தில், 50:50. அவை 0.9, 0.5 என்று வைத்துக்கொண்டால் காற்றாலைக்கு 0.8, நீர்மின்சாரத்துக்கு 0.7. காற்றாலைத் தாளை அப்படியே நகலெடுத்து நீர்மின் திட்டத்துக்கு ஓட்டுபவர்கள் விழுவது இங்கேதான்.

அணை என்றால் நீர்த்தேக்கத்தையும் பாருங்கள். மூழ்கிய செடிகொடிகள் அழுகினால் மீத்தேன் வரும். 50 மெகாவாட் நிலையத்துக்கு 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு என்றால் சதுர மீட்டருக்கு 5 வாட். 4-க்கு மேல், 10 வரை இருந்தால் யூனிட்டுக்கு 90 கிராம் கழிக்க வேண்டும். 10-ஐத் தாண்டினால் கழிவில்லை. 4-ஐத் தாண்டவில்லை என்றால் பொதுவாகத் திட்டமே தேறாது.

அப்புறம், கிரெடிட் இல்லாமலே கட்டியிருப்பார்களா என்ற கேள்வி. இலாபத்துக்காக எப்படியும் எழுந்திருக்கும் காற்றாலை எதையும் கூடுதலாகக் குறைக்கவில்லை. 2024 ஆகஸ்டில், கார்பன் கிரெடிட்டுகளின் தரத்தை மதிப்பிடும் ஐசிவிசிஎம் அமைப்பு, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான எட்டு முறைகளுக்குத் தர முத்திரை தர மறுத்ததற்குக் காரணமும் இதுதான். என்னைக் கேட்டால் தாமதமான முடிவு.

சிங்கப்பூரின் கரிம வரியில் வரிக்குரிய உமிழ்வில் 5 விழுக்காடு வரைதான் கிரெடிட்டால் ஈடுகட்டலாம். அதற்கும், கிரெடிட் உருவான நாடு அந்தக் குறைப்பைத் தன் கணக்கில் காட்டாமல் திருத்திக்கொள்ள வேண்டும். கிரெடிட் வாங்கினால் ஸ்கோப் 2 எண்ணும் (கம்பெனி வாங்கும் மின்சாரத்தால் வரும் உமிழ்வு) குறையாது. அது வேறு கணக்கு. ஒரே யூனிட்டுக்குப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழும் (இந்த மின்சாரம் பசுமையானது என்று காட்டித் தனியாக விற்கும் தாள்) கார்பன் கிரெடிட்டும் சேர்த்து விற்றால் இரட்டைக் கணக்கு.

இதைச் சொன்னதும் நண்பர் ஊருக்குப் போன் போட்டார். சான்றிதழ்களைப் போன வருடமே விற்றுவிட்டார்களாம். சரி என்று இன்னொரு காப்பி சொன்னோம்.