கார்ட்லெஸ் டிரில்: கிளட்ச் வளையத்தைத் திருப்பாமல் ஸ்க்ரூ ஏற்றாதீர்கள்

வேலூர்ப் பக்கம் இப்போது கார்ட்லெஸ் டிரில் இல்லாமல் கப்போர்டு வேலை நடப்பதில்லை. சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஒரு புது வீட்டுக்கு மாடுலர் கிச்சன் மாட்டப் போனால், கூட வரும் பையன் முதல் நாளே மிஷினைக் கையில் எடுத்துவிடுகிறான். ஆன்லைனில் ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தாங்களே கர்ட்டன் ராடு மாட்டிக்கொள்ளும் வீட்டுக்காரர்களும் பெருகிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே தப்புகளை இவர்களும் வரிசையாகச் செய்யும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கண்ணுக்குக் கண்ணாடி போடு, குழந்தை கைக்கு எட்டாமல் வை என்பதெல்லாம் மிஷினோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

கிளட்ச் வளையத்தை டிரில் படத்திலேயே விட்டுவிடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். காசும் அதிகம் போவது இதில்தான்.

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும். இதுதான் கிளட்ச் வளையம். 1-இல் தொடங்கி 15, 18, 20 என்று கம்பெனிக்குத் தகுந்தபடி போகும். கடைசியில் ஒரு டிரில் பிட் படம். ஓட்டை போடுவதற்காகப் பையன் வளையத்தை அந்தப் படத்தில் வைப்பான். அப்புறம் டிரில் பிட்டைக் கழற்றி ஸ்க்ரூ பிட்டை மாட்டுவான். வளையத்தை மட்டும் தொட மாட்டான். அந்தப் படத்தில் இருக்கும்வரை கிளட்ச் வேலை செய்யாது. மோட்டாரின் முழு பலமும் ஸ்க்ரூ மேல் இறங்கும். 18 வோல்ட் மிஷின்கள் பலவும் 40, 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுப்பவை. ஒரு கீல் ஸ்க்ரூவுக்கு அதில் சின்னப் பங்கே போதும்.

வளையத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மறக்காது. ஒரு ஸ்பிரிங், சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை ஒரு கியர் வளையத்தின் மேடுகளில் அழுத்திப் பிடித்திருக்கும். ஸ்க்ரூ இறுக இறுக எதிர்ப்பு கூடும். ஸ்பிரிங்கின் பலத்தை அது மிஞ்சியதும் குண்டுகள் மேட்டைத் தாண்டி வழுக்கும். மோட்டார் சுற்றும், பிட் நின்றுவிடும், 'கடகட'வென்று சத்தம் வரும். பெரிய எண்ணுக்குப் போகப் போக ஸ்பிரிங் இன்னும் அழுந்தும், கிளட்ச் தாமதமாக வழுக்கும், அவ்வளவுதான். இந்தச் சத்தத்தைக் கேட்டதும் மிஷின் ரிப்பேர் என்று பயந்து, வளையத்தைக் கடைசிவரை திருப்பிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கெட்டி மரம் இந்த அடியைக் கொஞ்சம் தாங்கும். பார்ட்டிகிள் போர்டு தாங்காது. அது மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திச் செய்தது. மரத்தில் இருக்கும் நீள நார் அதில் கிடையாது. ஸ்க்ரூ தனக்கான மரையைத் தானே வெட்டிக்கொண்டு இறங்குகிறது. தலை உட்கார்ந்த பிறகும் மிஷின் சுற்றினால் அந்த மரை தூளாகிவிடும். ஸ்க்ரூ சும்மா சுற்ற ஆரம்பித்தால் கூட நல்லது, அங்கேயே தெரிந்துவிடும். பாதிப் பிடிப்போடு நின்றுவிட்டால்தான் ஆபத்து. அன்றைக்குக் கதவு அழகாக மூடும், எல்லோரும் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவோம்.

காந்தி நகரில் ஒரு வீடு. கப்போர்டு மாட்டிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. "தம்பி, கதவு கீழே உரசுது, நீங்க போட்ட கீலே சரியில்ல" என்று வீட்டம்மா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கீலில் ஒரு குறையும் இல்லை. மேல் கீலின் தகடு போர்டுக்குள் அமுங்கி, ஓரத்தில் மைக்கா மயிரிழையாகப் பிளந்திருந்தது. கதவை லேசாகத் தூக்கினேன். தகடு ஸ்க்ரூவோடு கையோடு வந்தது. மரையின் இடுக்கெல்லாம் பழுப்புத் தூள். மாட்டிய பையன் அத்தனை ஸ்க்ரூவையும் டிரில் படத்தில் வைத்தே ஏற்றியிருக்கிறான். அவனும் கூடத்தான் வந்திருந்தான். "பெரிய ஸ்க்ரூவா போட்டுடலாம்ணா" என்றான். போர்டு 18 மில்லிமீட்டர். நீளமான ஸ்க்ரூ போட்டால் அந்தப் பக்கத்து மைக்காவைக் குத்திக்கொண்டு வெளியே வரும். தீக்குச்சியும் ஃபெவிக்காலும் பிளைவுட்டில் கொஞ்ச காலம் ஓட்டும், பார்ட்டிகிள் போர்டில் நிற்காது. பெயர்ந்த ஒவ்வோர் ஓட்டையையும் 8 மில்லிமீட்டருக்கு அகலப்படுத்தி, ஃபெவிக்கால் தடவிய மர உருளையை இறக்கி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மறுநாள் தலையைச் சமமாகச் சீவி, புதிதாகப் பைலட் ஓட்டை (ஸ்க்ரூவுக்கு வழிகாட்ட முன்கூட்டியே போடும் சின்ன ஓட்டை) போட்டுத்தான் கீலை மாட்ட முடிந்தது. வளையத்தை ஒரு திருப்பு திருப்பியிருந்தால் இந்த வேலையே இல்லை.

சரி, எப்படி வைப்பது? அதே போர்டில் ஒரு கழிவுத் துண்டு எடுங்கள். பைலட் ஓட்டை போட்டு, வளையத்தை 2 அல்லது 3-இல் வைத்து ஸ்க்ரூவை ஏற்றுங்கள். தலை உட்காரும் முன்பே வழுக்கினால் ஓர் எண் கூட்டுங்கள். தலை சமமாக உட்கார்ந்த அதே நேரத்தில் வழுக்குகிறதா, அதுதான் உங்கள் எண். இந்த எண்களுக்குப் பொது அளவு எதுவும் கிடையாது. ஒரு மிஷினின் 7 இன்னொரு மிஷினின் 7 ஆகாது. போர்டு மாறினாலும் ஸ்க்ரூ மாறினாலும் மறுபடி பாருங்கள். கீல் ஸ்க்ரூவின் கடைசிச் சுற்றைக் கை ஸ்க்ரூடிரைவரால் இறுக்கச் சொல்வேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பலம் அதிகம் என்று, சுற்றிக்கொண்டே தட்டித் தட்டி ஸ்க்ரூ ஏற்றும் இம்பாக்ட் டிரைவர் வாங்கிக் கப்போர்டு வேலைக்குக் கொண்டுவருகிறார்கள். அதில் பொதுவாக இந்த வளையமே கிடையாது. நீள ஸ்க்ரூவுக்கு அருமையான மிஷின். கீலுக்கு வேண்டாம்.

இரண்டாம் கியரில் ஸ்க்ரூ ஏற்றுவது

மிஷினின் கியர் சுவிட்சில் 1 என்றால் வேகம் குறைவு, பலம் அதிகம்: ஸ்க்ரூவுக்கு. 2 என்றால் வேகம் அதிகம்: சின்ன ஓட்டைக்கு. மிஷின் ஓடும்போது மாற்றாதீர்கள், பல் தேயும்.

எந்த பிளஸ் என்று பார்க்காமல் பிட் மாட்டுவது

பிளஸ் தலை எல்லாம் ஒன்றல்ல. வெறும் பிளஸ் இருந்தால் பிலிப்ஸ். பிளஸ்ஸின் கைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகளும் இருந்தால் போசிடிரைவ். கீல்களோடு வரும் ஸ்க்ரூக்களில் இது நிறைய உண்டு. பிட்டின் உடம்பில் பி.எச். 2, பி.இசட். 2 என்று பொறித்திருக்கும். ஒன்றின் பிட்டை இன்னொன்றில் வைத்தால் உட்கார்ந்த மாதிரிதான் தெரியும், அழுத்தினதும் எகிறித் தலையைக் கடித்துவிடும். முனை தேய்ந்த பிட்டும் அப்படியே. தூக்கிப் போடுங்கள்.

பைலட் ஓட்டை வேண்டாம் என்பது

வேம்பிலும் தேக்கிலும் ஓரத்தில் ஏற்றினால் மரம் பிளக்கும். 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு இரண்டரை முதல் 3 மில்லிமீட்டர் ஓட்டை. ஆழம் தெரிய பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே ஓட்டை

போடவே போடாதீர்கள். ஒயர் குழாய் அந்த வழியாகத்தான் போகும்.

கையுறை

சுற்றும் பிட் பக்கத்தில் வேண்டாம், துணியைச் சுருட்டிக் கையை இழுக்கும். கோயில் கயிறு, துப்பட்டா, தொங்கும் இயர்போன் ஒயருக்கும் இதேதான்.

சின்னத் துண்டைக் கையால் பிடித்து ஓட்டை போடுவது

இரும்பு எல் ஆங்கிள் துண்டில்தான் அதிகம் காயம்படுகிறார்கள். பிட் அந்தப் பக்கம் வெளியே வரும் நொடியில் விளிம்பில் மாட்டிக்கொள்ளும், துண்டு மொத்தமும் சுற்றும், ஓரம் விரலைக் கிழிக்கும். சி கிளாம்ப் போடுங்கள். முனை வெளியே வரப்போகிறது என்று தெரிந்ததும் அழுத்தத்தைக் குறையுங்கள். அப்புறம், பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றுங்கள். குறைந்தபட்சம் முன்-பின் சுவிட்சை நடுவில் தள்ளினால் டிரிகர் பூட்டிக்கொள்ளும். மோட்டாரை ஓடவிட்டு, சக்கைக் கையால் பிடித்து இறுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கிரானைட் மேடையில் ஹாமர்

தட்டிக்கொண்டே சுற்றும் ஹாமர் மோடில் வைத்தால் கிரானைட் விரிசல் விடும். டைமண்ட் கோர் பிட், தண்ணீர், ஹாமர் இல்லாத சுற்று மட்டும். கான்கிரீட் லிண்டலில் 12 வோல்ட் மிஷினை வைத்து முக்காதீர்கள். அதற்கு ரோட்டரி ஹாமர் வாடகைக்குக் கிடைக்கிறது.

பேட்டரியை வெயிலில் விடுவது

மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மொட்டை மாடியிலும் பைக் பெட்டியிலும் பேட்டரியை வைத்துவிட்டு, "சார்ஜ் ஏறல, சார்ஜர் போச்சு" என்கிறார்கள். லித்தியம் பேட்டரி சூடாக இருந்தால் பெரும்பாலான சார்ஜர்கள் ஏற்றாமல் விளக்கை மட்டும் காட்டிக் காத்திருக்கும். நிழலில், காற்றுப் படும் இடத்தில் அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும்.