கிழங்கு போய் தேயிலை வந்தது ஏன்? 'அது இல்லன்னா' கேள்விய எப்படி கேக்கணும்

நீலகிரி ஹட்டிங்கள (படகர் ஊருங்கள) பத்தி கேஸ் ஸ்டடி எழுதுற பசங்க நிறைய பேர் ஒரே வரியில முடிச்சிடுறாங்க, உருளைக்கிழங்குல நூற்புழு (வேர தாக்குற ரொம்ப சின்ன புழு) விழுந்துச்சு அதனால எல்லாரும் தேயிலைக்கு மாறிட்டாங்கன்னு. 1961ல ஊட்டி பக்கம் அந்த புழுவ கண்டுபிடிச்சது உண்மைதான், ஆனா முன்னாடி நடந்துச்சுங்கறதுக்காக அது காரணம் ஆயிடாது. புழு வராமலே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்டுப் பாருங்க.

ஒண்ணே ஒண்ண மட்டும் எடுக்கணும், மத்ததெல்லாம் இருந்தபடியே விடணும், இதுதான் முக்கியம். புழு இல்ல, ஆனா 1962ல நீலகிரியில இருக்கிற குந்தாவுல கூட்டுறவு டீ பேக்டரி வருது, அதே மழை, அதே சரிவு, ரஷ்யாக்காரங்களும் நம்ம டீய வாங்குறாங்க. பறிச்ச கொழுந்து அன்னிக்கே பேக்டரிக்கு போயாகணும்ல, அது கிட்டக்க வந்துட்டா ஒரு ஏக்கர்காரருக்கும் தேயிலை கட்டுப்படியாகும். அப்போ புழு இல்லாட்டியும் கொஞ்ச பேர் மாறியிருப்பாங்க, என்ன, மெதுவா மாறியிருப்பாங்க. 'ஏன் மாறுனாங்க'ங்கறதும் 'ஏன் அவ்வளவு சீக்கிரம் மாறுனாங்க'ங்கறதும் வேற வேற கேள்வி, எதுக்கு பதில் சொல்றீங்கன்னு முதல்லயே எழுதிடுங்க.

இப்ப திருப்பிப் போடுங்க, புழு இருக்கு, பேக்டரி இல்ல. இதுக்கு கற்பனையே வேணாம், கொடைக்கானல் மேல்மலைக்கு போனா போதும். அங்கயும் நூற்புழு இருக்கு, ஆனா பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இன்னிக்கும் பூண்டு, கேரட், கிழங்குதான். அப்போ புழு மட்டும் போதாது. ரெண்டு மலைக்கும் வேற வித்தியாசமும் இருக்கு, அத மறைக்காம எழுதணும்.

ரொம்ப பெருசா எதையும் எடுக்காதீங்க. 1991ல சோவியத் யூனியன் உடையலன்னா தேயிலை இலை விலை விழுந்திருக்காதுன்னு சொன்னா, அதோட சேர்ந்து உலகத்துல பாதி மாறிடும், எதையும் சரிபாக்க முடியாது. ரஷ்யாக்காரங்க நம்ம டீய ரூபாய் கணக்குல வாங்குன ஒப்பந்தம் இன்னும் அஞ்சு வருஷம் ஓடியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேளுங்க, அத ஏற்றுமதி கணக்கோட வச்சு பாக்கலாம்.

பெரியவங்ககிட்ட 'ஏன் மாறுனீங்க'ன்னு நேரா கேக்காதீங்க, ஊர் சொல்ற காரணத்தையே சொல்வாங்க. எந்த தோட்டத்துல எந்த வருஷம் முதல் செடி வச்சீங்க, அந்த வருஷம் கிழங்கு எத்தனை மூட்டை வந்துச்சு, இத கேளுங்க, முடிஞ்சா பேக்டரி உறுப்பினர் பதிவேட்டோட தேதிய ஒத்துப் பாருங்க. எங்க வீட்டுல கேட்டப்போ மேல் சரிவுல தேயிலை வச்சது புழுவுக்கு முன்னாடியே, கீழ்த் தோட்டம் மட்டும்தான் புழுவுக்கு அப்புறம் மாறியிருக்கு, அதனால ரெண்டையும் தனித்தனி கேஸாத்தான் எழுதுனேன்.