சென்னையில் ஒரு ராக் இசைக்குழு தனக்கென ரசிகர்களைச் சேர்த்துக்கொள்வது எப்படி?

சென்னையில் புதிதாகத் தொடங்கும் ராக் இசைக்குழுவுக்கு முதல் நிகழ்ச்சியில் கூட்டம் சேர்ப்பது பெரிய காரியமல்ல. நண்பர்கள், உறவினர்கள், கல்லூரித் தோழர்கள் என்று ஓர் ஐம்பது பேர் எப்படியும் வந்துவிடுவார்கள். மூன்றாவது நிகழ்ச்சிக்குள் அவர்களில் பாதிப் பேர் ஏதாவதொரு சாக்குச் சொல்லத் தொடங்கும்போதுதான் உண்மை நிலவரம் தெரியவரும். குழுவில் எவரையும் நேரில் அறியாத ஒருவர் இரண்டாம் முறையும் காசு கொடுத்து வருகிறாரா என்பதே கணக்கு. இடம், நாள், பாடல், ஒலி ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒருவரை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம், ஏனெனில் சென்னையின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் மது பரிமாறுவதற்கான உரிமம் பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளுக்கும் மனமகிழ் மன்றங்களுக்கும் மட்டுமே கிடைப்பதால், பெங்களூரில் இருப்பதைப் போல இசைக்குழுக்கள் வாரந்தோறும் வாசிக்கும் சிறிய பப்கள் இங்கே வளரவில்லை. விடுதியின் பாரில் வாசிக்க வாய்ப்புக் கிடைத்தால் கையில் கொஞ்சம் பணம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மது அருந்தும் வயது 21 என்று இருக்கும் மாநிலத்தில், ராக் இசையை வெறியோடு கேட்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதினர் அத்தகைய இடங்களுக்குள் நுழையவே முடியாது என்பதையும், உள்ளே இருப்பவர்களில் பலர் உங்களைக் கேட்பதற்காக வரவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆகவே பாரில் வாசிப்பதை வருமானமாகவும் பயிற்சியாகவும் வைத்துக்கொண்டு, சொந்த நிகழ்ச்சிகளை எல்லா வயதினரும் வரக்கூடிய இடங்களில் நடத்துங்கள். நுங்கம்பாக்கத்து அலையன்ஸ் பிரான்சேஸ், பெசன்ட் நகர் ஸ்பேசஸ் போன்ற பண்பாட்டு வெளிகள், மாலையில் இருக்கைகளை ஓரம் கட்டிவிட்டு இடம் தரும் காபிக் கடைகள், பள்ளி அரங்குகள் ஆகியவற்றை முதலில் விசாரியுங்கள். எழும்பூர் மியூசியம் தியேட்டர் அழகான அரங்கம்தான், ஆனால் எண்பது பேரை மட்டுமே அழைத்துவர முடிந்த குழு அங்கே வாசித்தால் காலி நாற்காலிகள்தாம் கண்ணில் படும். அறுபது பேர் கொள்ளும் அறையில் எழுபது பேர் நெருக்கியடித்து நின்றால், வந்தவர்கள் மறுநாள் அதைப் பற்றி நாலு பேரிடம் பேசுவார்கள்.

திறந்தவெளியில் நடத்துவதாக இருந்தால் காவல்துறையின் ஒலிபெருக்கி அனுமதியை எழுத்து மூலம் பெற்றே ஆக வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால் இடத்தைப் பேசி முடிக்கும் முன்பே அக்கம்பக்கத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. சட்டம் ஒருபுறம் இருக்க, மெட்ரோ ரயில் இரவு 11 மணியோடு ஓய்ந்துவிடும் ஊரில் ஒன்பதரைக்கு முடியும் நிகழ்ச்சிதான் தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் ஆட்களை வரவழைக்கும்.

நாள் குறிப்பதற்கும் இந்த ஊருக்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஜனவரியில் ஐஐடியின் சாரங் விழாவில் தொடங்கி மார்ச் வரை கல்லூரி விழாக்காலம். அப்போதைய இசைக்குழுப் போட்டிகள் ஒரே மாலையில் நூற்றுக்கணக்கான புதியவர்கள் முன்னால் உங்களை நிறுத்தும். ஆனால் போட்டிகளுக்கென்றே வாழும் குழுக்கள், நடுவர்களை அசத்தும் சிக்கலான பதினைந்து நிமிடத்தைத் தாண்டி எதையும் வளர்த்துக்கொள்வதில்லை என்பது என் கருத்து. ஏப்ரலும் மே மாதமும் தேர்வுக்கும் வெயிலுக்கும் போய்விடும். ஜூன் 21 உலக இசை நாளையொட்டி அலையன்ஸ் பிரான்சேஸ் நடத்தும் இசை விழா புதிய குழுக்களுக்கு உகந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளியை நம்பக் கூடாது. டிசம்பரில் நல்ல அரங்குகள் பலவும் சபாக் கச்சேரிகளுக்குப் போய்விடும். இவற்றையெல்லாம் கழித்தால் ஆண்டுக்கு ஐந்தாறு நல்ல சொந்த நிகழ்ச்சிகளுக்குத்தான் இடமிருக்கும், அதுவே போதும். ஒரே ஊரில் வாரந்தோறும் வாசிக்கும் குழுவை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் தள்ளிப்போடுவார்கள்.

பாடல்களைப் பொறுத்தவரை, பிறர் பாடல்களை வைத்துக் கைதட்டல் வாங்கலாம், ரசிகர்களை வாங்க முடியாது. நாற்பது நிமிட நிகழ்ச்சியில் பிறர் பாடல் இரண்டுக்கு மேல் வேண்டாம். அவற்றையும் தொடக்கத்தில் வைக்காமல், கூட்டம் சற்றுத் தளரும் நடுப்பகுதியில் வையுங்கள். சென்னையின் ராக் குழுக்கள் நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே பாடிவந்தன. ஆங்கிலத்தில் எழுதுவது குற்றமன்று, ஆனால் அந்த வட்டம் சிறியது என்பதை அறிந்தே எழுத வேண்டும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் ராக்கும் ராப்பும் ஒன்றாக ஒலித்தன. சாதியைப் பற்றி நேருக்கு நேராகப் பேசிய அந்தப் பாடல்களுக்கு, வழக்கமான ராக் நிகழ்ச்சிகளின் பக்கமே வராத மக்கள் திரண்டனர். அந்தக் குழுவைப் போலவே செய்யுங்கள் என்பதல்ல இதன் பொருள். இந்த ஊரில் யாரும் பாடாத எதை உங்களால் பாட முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒலியை விட்டுவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண். சிறிய அறைகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: டிரம்ஸின் சத்தத்தை மீறுவதற்காக கிட்டார் கலைஞர் ஆம்பின், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியின், சத்தத்தைக் கூட்டுவார், அதைக் கேட்டு பேஸ் கலைஞரும் கூட்டுவார், பாடகரின் மைக்கைக் கூட்டியதும் மேடையில் கலைஞர்களை நோக்கி வைத்திருக்கும் ஒலிபெருக்கியான மானிட்டர் கீச்சென்று அலறும், கடைசியில் சொற்கள் ஒன்றும் புரியாமல் பின்வரிசை கைபேசியை எடுத்துவிடும். நிகழ்ச்சிக்கு முன் நடக்கும் ஒலிச் சோதனையான சவுண்ட் செக்கின்போது முதலில் டிரம்ஸோடு பாடகரின் குரலை மட்டும் வைத்துக் கேளுங்கள். சொற்கள் தெளிவாக விழுந்த பிறகு மற்றக் கருவிகளை அந்தக் குரலுக்குக் கீழே ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஆம்பைத் தரையிலிருந்து உயர்த்தி, வாசிப்பவரின் காதை நோக்கிச் சாய்த்து வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். குழுவில் ஒருவர் அறையின் கடைசிச் சுவர் வரை நடந்து சென்று கேட்க வேண்டும். எந்தக் கருவி எங்கே நிற்கும், எத்தனை மைக் வேண்டும் என்பதை ஒரு தாளில் வரைந்து இரண்டு நாள் முன்பே ஒலிப் பொறியாளருக்கு அனுப்புங்கள். ஊரில் நல்ல ஒலிப் பொறியாளர்கள் சிலர்தான். அவர்களிடம் மரியாதையாக நடந்து, பேசிய பணத்தை அன்றிரவே கொடுத்துவிடும் குழுவின் பெயர் அடுத்த விழாவுக்குத் தானாகவே பரிந்துரைக்கப்படும்.

தனியாக ஒரு மாலையை நிரப்பப் பார்ப்பதைவிட, வேறு பாணியில் வாசிக்கும் இன்னொரு குழுவோடு மேடையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அவர்களுடைய ஐம்பது பேர் உங்களைக் கேட்பார்கள். நீங்களும் வாசித்து முடித்துவிட்டு உடனே கிளம்பாமல் அந்தக் குழுவின் பாடல்களுக்கும் நின்று கைதட்டுவது அடிப்படைப் பண்பாடு. அதைச் செய்யாத குழுவை இந்தச் சிறிய வட்டம் எளிதில் மறப்பதில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் குழுவில் இருவர் கருவிகளை மற்றவர்களிடம் விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட வேண்டும். வெளியேறுபவர்களின் பெயரையும் வாட்ஸ்அப் எண்ணையும் அவர்களது சம்மதத்தோடு ஒரு நோட்டில் வாங்குங்கள். இன்ஸ்டாகிராமில் பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் அவர்களில் எத்தனை பேர் அடையாறுக்கு வந்து சேரக்கூடியவர்கள் என்று யாருக்கும் தெரியாது. நோட்டில் உள்ள இருநூறு பேர் வந்து பார்த்தவர்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு ஒரு செய்தி, அன்று காலை இன்னொன்று, அதற்கு மேல் வேண்டாம்.

புதிய பாடலை நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பு வெளியிட்டால், வருபவர்கள் பல்லவியையாவது தெரிந்துகொண்டு வருவார்கள். ஸ்பாட்டிஃபையின் பட்டியல்களுக்குப் பரிசீலிக்கச் சொல்லிப் பாடலை வெளியீட்டுக்கு முன்பே, குறைந்தது ஏழு நாள் இடைவெளியோடு அனுப்ப வேண்டும் என்பதால் நாட்களைப் பின்னிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். அங்கிருந்து வரும் பணத்தை நம்பிச் செலவு செய்யாதீர்கள்: 12 மாதங்களில் 1,000 முறையாவது ஒலிக்காத பாடலுக்கு அந்தத் தளம் எதுவும் தருவதில்லை. யார் எழுதியது, யார் மெட்டமைத்தது என்பதைப் பாடல் வெளியாகும் முன்பே குழுவுக்குள் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டு, பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிவு செய்யுங்கள்.

நுழைவுக் கட்டணத்தைத் தொடக்கம் முதலே வையுங்கள், நூறு ரூபாயானாலும் சரி. இலவசமாக வருவதாகச் சொன்னவர் மழைத் தூறலைக் கண்டாலே வீட்டில் இருந்துவிடுவார். வசூலிலிருந்து இடம், ஒலி, வண்டி வாடகை ஆகியவற்றைக் கொடுத்த பிறகு மீதம் வருவதை முதல் ஓராண்டுக்குப் பிரிக்காமல் பொதுக் கணக்கில் போட்டு, ஒலிப்பதிவுக்கு ஒதுக்குங்கள். நோட்டில் பெயர் எழுதியவர்களில் எத்தனை பேர் மறுபடியும் வந்தார்கள் என்பதையும் அதே கணக்கோடு குறித்து வாருங்கள். அந்த எண்ணிக்கை, குழுவினரின் நண்பர்கள் தொகையைத் தாண்டும் வரை வெளியூர்ப் பயணம் வேண்டாம். தாண்டிய பிறகு முதலில் புதுச்சேரிக்கும் வேலூருக்கும் போகலாம்; இரண்டு ஊர்களிலிருந்தும் அன்றிரவே திரும்பிவிட முடியும்.