முதலில் ட்ராக் இல்லாமல்: கிட்டார் சோலோ பழகும் முறை

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர் கல்யாணம். டிரம்ஸும் பேஸும் பதிவான பின்னணி ட்ராக்கை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன் மேல் சோலோ, அதாவது தனி வாசிப்பு, வாசித்துக்கொண்டிருந்தேன், பாதியில் கரண்ட் போய்விட்டது. கையில் இருந்தது சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார், சத்தம் வரத்தான் செய்தது, ஆனால் அடுத்து எங்கே போகவேண்டும் என்றே பிடிபடவில்லை. நாலைந்து சுரம் தடவிவிட்டு எழுந்துவிட்டேன். அதே இருட்டில் நாகஸ்வரக்காரர் பேட்டரியில் ஓடும் சுருதிப் பெட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சாவகாசமாக ஆலாபனை செய்தார்.

ஆறு மாதமாக ட்ராக்கோடு மட்டுமே பழகியதுதான் வினை. டிரம்ஸும் பேஸும் சேர்ந்து நம் தாளப் பிசகை மூடிவிடும், நமக்கும் நன்றாக வாசிப்பதுபோலவே இருக்கும். அதனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

முதல் வேலை ஸ்கேல், அதாவது சுர வரிசை. ஏ மைனர் பென்டடோனிக் போதும். ஆள்காட்டி விரல் ஆறு கம்பியிலும் ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள உலோகக் கட்டுகளால் பிரிந்த இடம்). தடித்த கம்பி 6, மெல்லியது 1. 6, 2, 1-ஆம் கம்பிகளில் சுண்டு விரல் எட்டாவது ஃப்ரெட்டில். மற்ற மூன்றில் மோதிர விரல் ஏழாவதில். ஏ, சி, டி, ஈ, ஜி என ஐந்தே சுரம், நம்மூர்க் கணக்கில் சுத்த தன்யாசி ராகம்.

இனி போனில் சுருதிப் பெட்டி ஆப்பைத் திறந்து ஆறு கட்டையில் வையுங்கள், அதுதான் ஏ. தாளம் வேண்டாம். ஒவ்வொரு சுரத்தையும் நீளமாக நிறுத்தி, சுருதியோடு எப்படி ஒட்டுகிறது என்று கேளுங்கள். வளைத்து வாசிப்பதை, அதாவது பெண்டிங்கை, இங்கேதான் சரிசெய்யவேண்டும். 3-ஆம் கம்பி ஏழாவது ஃப்ரெட்டில் டி இருக்கிறது, அதை வளைத்தால் ஈ வரவேண்டும். முதலில் 2-ஆம் கம்பி ஐந்தாவது ஃப்ரெட்டை மீட்டி ஈ-யைக் காதில் வாங்கிக்கொண்டு, அப்புறம் வளையுங்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். ஒரு விரலால் தள்ளாமல் பின்னால் இருக்கும் இரண்டு விரலையும் துணைக்குச் சேர்த்தால் எட்டும். (மதியம் மொட்டை மாடியில் உட்காராதீர்கள், மதுரை வெயிலில் கம்பி சூடேறிச் சுருதி இறங்கிவிடும்.)

அடுத்து மெட்ரோனோம், அதாவது சீராகத் தட்டும் தாளக் கருவி, நிமிடத்துக்கு 60 தட்டு. தட்டுக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு. காலால் எண்ணுங்கள். ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது எளிது, அதன் எட்டு எண்ணிக்கை நமக்கு இரண்டு பார் (நாலு தட்டு ஒரு பார்).

இப்போது ட்ராக். இணையத்தில் தேடாமல் நீங்களே ஏ மைனர், சி, ஜி, ஈ மைனர் என்ற நான்கு கார்டுகளையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) நாலு நாலு தட்டாக வாசித்து, ஐந்து நிமிடம் போனில் பதிவுசெய்யுங்கள். அதே 60 தட்டு வேகத்தில் ஒரு சுற்று 16 விநாடி. கார்டு மாறும் முதல் தட்டில் அந்தந்தக் கார்டின் பெயர்ச் சுரத்தில் இறங்குங்கள்: 4-ஆம் கம்பி ஏழில் ஏ, 3-ஆம் கம்பி ஐந்தில் சி, 2-ஆம் கம்பி எட்டில் ஜி, அதே கம்பி ஐந்தில் ஈ. இடையில் என்ன வாசித்தாலும் பரவாயில்லை, ஒன்றுமே வாசிக்காவிட்டாலும் சரிதான். இந்த நாலு இடத்தையும் விடாமல் தொட்டால் போதும், ட்ராக்கை நிறுத்தினாலும் கேட்பவர் காதுக்குக் கார்டு மாறுவது தெரியும்.

கடைசியாக ஒரு சோதனை. ட்ராக் ஓடும்போதே போனின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு ஒரு சுற்று தனியாக வாசியுங்கள், பிறகு சத்தத்தை ஏற்றுங்கள். நீங்கள் இருக்கும் கார்டிலேயே ட்ராக்கும் இருக்கிறதா? முதல் வாரம் நான் சி-யில் நின்றுகொண்டிருந்தபோது ட்ராக் ஜி-க்குப் போயிருந்தது. ஒரு சுற்று சரியாக வந்தால் இரண்டு, அப்புறம் நாலு என்று கூட்டிக்கொண்டே போங்கள்.