குதுப் பள்ளிவாசலுக்கு ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்குங்கள்

முனிர்காவில் அப்பா வாங்கிய ஃபிளாட்டை அம்மா பெயருக்கு மாற்ற டிசம்பரில் 11 நாள் தில்லி போயிருந்தேன். அதில் 7 நாள் ஓர் அலுவலக வராந்தாவில் போய்விட்டது. குதுப் மினார் பக்கத்துப் பழைய பள்ளிவாசலுக்குக் கிடைத்தது கடைசி நாள் மாலை ஒன்றரை மணி நேரம். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

முதலில் காகிதங்கள். வீட்டுப் பத்திரத்தில் அப்பா பெயருக்கு முன்னால் வெறும் ‘எஸ்.’ இறப்புச் சான்றிதழில் தாத்தா பெயர் முழுதாக இருந்தது. "இது இரண்டு ஆள்" என்றார் மேஜைக்காரர். எங்களில் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான் என்று இந்தியில் மூன்று விதமாகச் சொன்னேன். நாளைக்கு வா என்றார். மறுநாள் அவர் விடுப்பு. அதற்கடுத்த நாள் வேறொருவர், முதலிலிருந்து அதே கேள்வி. 30 வருஷத்துக்கு மேல் அரசு வேலை பார்த்த ஊரிலேயே அப்பா அப்பாதான் என்று நிரூபிக்க, அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி முதல் நாளே கையில் வைத்திருங்கள்.

அது முடிந்ததும் தம்பி சிட்னியிலிருந்து அனுப்பிய பவர் பத்திரத்தில் சிக்கல். தூதரகச் சான்றெல்லாம் இருந்தது. ஆனால் வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். எங்களுடையது ஆகஸ்டிலிருந்து அத்தை வீட்டு பீரோவில் கிடந்தது. அத்தையிடம் எரிந்து விழுந்தேன். தப்பு என்மேல்தான், அவருக்கு நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. தம்பி மறுபடி எழுதி அனுப்ப வேண்டியதாயிற்று. வேலை இன்னும் முடியவில்லை.

சரி, பள்ளிவாசல். குவ்வத்துல் இஸ்லாம் என்று பெயர். 1190களில் குத்புதீன் ஐபக் தொடங்கியது. 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாகக் கிழக்கு வாசலில் உள்ள பாரசீகக் கல்வெட்டே சொல்கிறது. உள்ளே சுற்று மண்டபத்துத் தூண்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். உயரம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றியிருக்கிறார்கள். சங்கிலியில் தொங்கும் மணி, பூரண கும்பம், சில இடங்களில் செதுக்கி அழித்த முகங்கள். கோயில் மண்டபத்தில் வளர்ந்த கண்ணுக்கு இது வலிக்கும். அந்த வலியோடேயே நிதானமாகப் பாருங்கள், கைவேலை அத்தனை நேர்த்தி.

மேற்கே நிற்கும் வளைவுச் சுவரை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். வளைவு கட்டிப் பழகாத உள்ளூர்க் கொத்தர்கள், கல்லைப் படுக்கையாக அடுக்கி வரிக்கு வரி கொஞ்சம் முன்னால் நீட்டி, மேலே சேர்த்திருக்கிறார்கள். நம் கோயில் கட்டடங்களில் வரும் அதே பழைய முறை. அதன்மேல் குர்ஆன் வசனங்கள், எழுத்துகளுக்கு நடுவே கொடியும் பூவும். அப்புறம் தெற்கே அலாவுதீன் கில்ஜி 1311ல் கட்டிய அலாய் தர்வாசாவுக்கு நடங்கள். அங்கே கற்கள் ஆப்பு வடிவில் வெட்டப்பட்டு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. 100 வருஷத்துச் சொச்சத்தில் கொத்தர்கள் கற்றுக்கொண்டதை இரண்டுக்கும் நடுவே நடந்தே பார்த்துவிடலாம். வளைவுச் சுவர் கிழக்கு நோக்கியது என்பதால் காலை வெயிலில்தான் எழுத்துகள் எடுப்பாகத் தெரியும். நான் மாலையில் போய் நிழலைப் பார்த்தேன்.

மஞ்சள் தட மெட்ரோவில் குதுப் மினார் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியர் கட்டணம்தான்; அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

முற்றத்து இரும்புத் தூண் பள்ளிவாசலைவிட 700, 800 வருஷம் மூத்தது. 7 மீட்டருக்குச் சற்று மேல் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை. அதிலுள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு, சந்திரன் என்ற அரசனின் வீரக் காற்றால் தென்கடல் இன்னும் மணக்கிறது என்கிறது. "நம்ம கடலைத்தான் சொல்றான்" என்பார் அப்பா. தூணில் முதுகைச் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோத்தால் நினைத்தது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. அப்பாவுக்கு எட்டாது. மிச்ச இடைவெளியில் நான் நின்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்து வைப்பேன். 1997ல் வேலி போட்டுவிட்டார்கள். கடைசி சில வருஷங்களில் ஒவ்வொரு போனிலும், "வரும்போது ஒருநாள் குதுப் போயிட்டு வரலாம்" என்றார். அடுத்த தடவை என்றேன்.

இந்தத் தடவை அம்மா வந்தாள். முட்டி வலியோடு வேலிவரை நடந்தாள். "உன் தலை இங்கேதான் இருக்கும்" என்று தன் இடுப்புக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினாள்.